'மில்க்' (2008) படம் ஹார்வி மில்க்கின் உண்மைக் கதைதானா?

பெரும்பகுதி உண்மைதான். ஆனால் முழு வாழ்க்கை வரலாறு என்று நினைத்துப் பார்க்காதீர்கள். இயக்குநர் கஸ் வான் சான்ட் மில்க்கின் கடைசி எட்டு வருடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் கடற்படையில் இருந்ததெல்லாம் படத்தில் வராது.

தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்கு 1977-ல் தேர்வானவர் மில்க். அதற்கு முன் மூன்று தேர்தல்களில் தோற்றிருந்தார். நகரம் முழுக்க ஒரே தொகுதியாக இருந்ததை மாற்றி வட்டாரவாரியாக வாக்கெடுப்பு வந்த பிறகுதான், தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் வாழ்ந்த காஸ்ட்ரோ தெருக்காரர்களின் ஓட்டு அவரை ஜெயிக்க வைத்தது. அந்தத் தெருவில் அவர் நடத்திய கேமரா கடைதான் தேர்தல் அலுவலகமும்! படப்பிடிப்பும் அதே இடத்தில் நடந்தது.

படத்தின் உயிர் என்று நான் சொல்வது, 'பிரொபொசிஷன் 6' எதிர்ப்புப் பகுதியை. தன்பாலீர்ப்பாளர்களைப் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க வழிசெய்யும் அந்த முன்மொழிவை, கலிபோர்னியா வாக்காளர்கள் 1978 நவம்பரில் தோற்கடித்தார்கள். வீட்டில் மறைக்காதீர்கள், சொல்லிவிடுங்கள் என்று மில்க் தன் ஆட்களிடம் மன்றாடியது இதற்காகத்தான். தெரிந்த முகத்துக்கு எதிராக ஓட்டுப் போட மனசு வராது என்று அவர் நம்பினார்.

அதே மாதம் 27-ம் தேதி, நகர மன்றத்தின் முன்னாள் உறுப்பினர் டான் வைட் அவரையும் மேயர் மாஸ்கோனியையும் சுட்டுக் கொன்றார். தன்னைக் கொன்றால் கேட்கவேண்டும் என்று மில்க் ஒலிநாடாவில் பேசி வைத்ததும் நிஜம். மில்க்காக நடித்த ஷான் பென் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் பேசும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்தது.