எக்ஸ்ரே அறையிலிருந்து: 462 விசா மெடிக்கல், கேள்வி பதில்

ஆஸ்திரேலிய விசா மெடிக்கல் எடுக்கும் கிளினிக் ஒன்றில் பதினோரு வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய விடும் 462 வொர்க் அண்ட் ஹாலிடே விசா இந்தியர்களுக்குத் திறந்ததிலிருந்து (வருடத்துக்கு 1000 பேர், 18 முதல் 30 வயது வரை, குலுக்கல் முறை) ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து தனித்தனியாக வருகிறது. இன்று ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் பற்றி மட்டும் கேளுங்கள். குலுக்கலில் பெயர் விழ வழி கேட்டால், பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல்முறை: அக்கா, மெடிக்கல்னா என்னென்ன எடுப்பாங்க? ஊசி உண்டா?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டே இரண்டு. 501 என்ற எண்ணில் வருவது உடல் பரிசோதனை. 502 என்பது நெஞ்சு எக்ஸ்ரே. காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேட்கிறார்கள். உலகத்தின் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இந்தியாவில்தான். அதனால் நமக்குத் தப்ப வழியில்லை.

501-இல் உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை, சிறுநீர்ச் சோதனை. பிறகு டாக்டர் இதயம், நுரையீரல், வயிறு பார்த்து, பழைய நோய்கள், ஆபரேஷன்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் பற்றிக் கேட்பார். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை எடுத்துப் போங்கள். மறந்துவிட்டு வந்து, பலகையில் இருக்கும் எழுத்தை ஊகித்துச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினல் பாஸ்போர்ட்டும், ஹேப் ஐடி (உங்கள் மெடிக்கலுக்கான அடையாள எண்) உள்ள கடிதமும் கட்டாயம். ஜெராக்ஸ் செல்லாது. ஹேப் ஐடி இல்லாமல் வந்தால் வாசலோடு திரும்பவேண்டியதுதான், ஏனென்றால் அந்த எண்ணைப் போட்டால்தான் இமெடிக்கல் என்ற கணினி அமைப்பில் உங்கள் பக்கமே திறக்கும். இதை இன்று இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

ஊசி பொதுவாக இல்லை.

பயணப்பறவை: குலுக்கல் வர்றதுக்கு முன்னாடியே மெடிக்கல் முடிச்சு வெச்சுக்கலாமா? நேரம் மிச்சமாகுமே.

வேண்டாம். மெடிக்கல் பொதுவாக 12 மாதம்தான் செல்லும். குலுக்கலில் விழவில்லை என்றால் கிளினிக்குக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். பெயர் விழுந்ததும் விண்ணப்பிக்க 28 நாள் தருகிறார்கள். விண்ணப்பித்த பிறகு இமிஅக்கவுன்ட் என்ற உங்கள் இணைய விசா கணக்கில் ஹேப் ஐடி கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்குக்குப் போங்கள். வேறெந்த லேபில் எடுத்த எக்ஸ்ரேயும் இதற்கு உதவாது, எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும்.

462 கனவு: ஹெச்ஐவி டெஸ்ட் உண்டா?

இந்த விசாவுக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. டாக்டராகவோ, பல் மருத்துவராகவோ, நர்ஸாகவோ அங்கே வேலை செய்யும் எண்ணம் இருந்தால் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் சேரும். நிரந்தரக் குடியேற்ற விசா வேறு கதை.

நீளமுடி: எக்ஸ்ரேவுக்கு எப்படித் தயாராகிப் போகணும்? வெறும் வயிறா?

கடைசியில் ஒருவராவது என் துறைக்குள் வந்தீர்களே.

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் உங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது: கொண்டை போடுங்கள். தலைக்குக் குளித்து, ஈரத்தோடு இறுக்கிப் பின்னிய ஜடை தோளில் விழுந்தபடி எக்ஸ்ரே எடுத்தால், அது நுரையீரலின் உச்சியில் புகைபோல ஒரு வெள்ளை நிழலாக விழும். காசநோய் அடையாளம் காட்டப் பிடித்த இடமும் அதே உச்சிதான். ஒருமுறை ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் என்னைக் கூப்பிட்டு, "இது நோயா, பின்னலா?" என்று கேட்டார். பின்னல்தான். அந்தப் பொண்ணு ஊருக்குப் பஸ் ஏறியிருந்தது. பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து மறுபடி எடுத்துக்கொண்டு போனது.

அதே காரணத்துக்காகத்தான் செயின், தாயத்து, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறோம். கௌன் தருவோம். நெஞ்சைப் பலகையோடு ஒட்டி, கைகளை இடுப்பில் வைத்து, தோள்களை முன்னால் தள்ளச் சொல்வோம். தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழாமல் விலகத்தான் அது. மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கணும். அரைகுறையாக இழுத்தால் நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கி, அங்கே ஏதோ சளி கட்டியதுபோலத் தெரியும். ஒரு நிமிட வேலை. கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். பூமியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரண்டு வாரத்தில் அவ்வளவு வந்துவிடும்.

இன்னொன்று, யாரும் கேட்கக் கூச்சப்படுவது. மாதவிலக்கு நாட்களில் அப்பாயின்ட்மென்ட் வைக்காதீர்கள். சிறுநீரில் ரத்தம் காட்டும், மறுபடி வரச் சொல்வார்கள்.

பெயர் வேண்டாம்: அக்கா, ஒன்பது வருஷம் முன்னாடி எனக்கு டிபி வந்தது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு முழுசா குணமாயிடுச்சு. இதைச் சொல்லணுமா? சொன்னா விசா போயிடுமா?

சொல்லணும். போகாது.

ஆஸ்திரேலியா பார்ப்பது இப்போது உங்கள் உடம்பில் செயல்படும் காசநோய் இருக்கிறதா என்பதை. முன்பு வந்து குணமானது தடையில்லை. ஆனால் வேலை கூடும். எக்ஸ்ரேயில் தழும்பு இருந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள்: அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்கணும். மைக்ராஸ்கோப் முடிவு சீக்கிரம் வரும். ஆனால் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு இரண்டு மாதம் வரை ஆகும். கிருமி மெதுவாக வளரும் ஜாதி, அவசரப்படுத்த முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் 815 என்ற படிவத்தில் கையெழுத்து கேட்கலாம். அங்கே போய் இறங்கியதும் 28 நாளுக்குள் தொடர்புகொண்டு, சொல்லும் இடத்தில் நெஞ்சு பரிசோதனைக்குப் போகிறேன் என்ற உறுதிமொழி அது.

பழைய சிகிச்சை அட்டை, அப்போதைய எக்ஸ்ரே இரண்டையும் தேடி எடுங்கள்.

அனுபவஸ்தன்: தம்பி, அக்கா சொல்றதைக் கேட்டு மாட்டிக்காதீங்க. என் ரூம்மேட் சொல்லவே இல்லை, கிளியர் ஆகி இப்போ பண்ணையில ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறான். குணமான நோயை ஏன் நாமளே போய்ச் சொல்லணும்?

ரூம்மேட்டின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்திருக்கும். எல்லோருக்கும் அப்படி இருக்காது. ஆறின டிபி பலருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் நூல் இழுத்த மாதிரி கோடுகளை விட்டுவிட்டுப் போகும். சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளிகள். உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களையே மேலே இழுத்துவிடும். பத்து வருடம் பழகிய கண்ணுக்கு அது மூக்கு மாதிரி தெளிவாகத் தெரியும்.

அனுபவஸ்தன்: தெரிஞ்சா தெரியட்டும். எப்படியும் சளி டெஸ்ட்தானே? சொன்னாலும் அதே, சொல்லாட்டாலும் அதே.

நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்து பதில் சொல்கிறேன். சொன்னவரிடம் பழைய எக்ஸ்ரே இருக்கும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தழும்பு இம்மியும் மாறவில்லை என்று டாக்டர் எழுதலாம். சொல்லாதவரிடம் அது கிடையாது. "டிபி வந்ததே இல்லை" என்று எழுதியவரின் நுரையீரலில் தழும்பு இருந்தால், அது எப்போது வந்தது, போன மாதமா என்ற சந்தேகம் அவர்மேல்தான் விழும். எங்கள் கிளினிக்கில் ஒரு பையன் மூன்று தடவை "இல்லை" என்றான். மூன்றாவது தடவை அவன் அம்மாவே வெளியிலிருந்து, "டாக்டர், ப்ளஸ் டூ படிக்கும்போது வந்துச்சே" என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தை மறக்க முடியாது.

அனுபவஸ்தன்: எக்ஸ்ரே சுத்தமா இருந்தா?

இருந்தாலும் படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தெரியவந்தால் காரணம் நோய் இல்லை, பொய். தவறான தகவல் கொடுத்ததற்காக விசா மறுக்கப்பட்டால் மூன்று வருடம் வேறு விசாக்களுக்கும் கதவு மூடலாம். 30 வயதில் முடிந்துபோகும் விசாவுக்கு மூன்று வருடம் என்றால் என்ன கணக்கு, நீங்களே போடுங்கள்.

815 போட்டவள்: நடுவுல வர்றேன். நான் படிக்கப் போனப்போ 815 கையெழுத்து போட்டேன். போய் ஒரு எக்ஸ்ரே, கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். சளி ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததுதான் கொடுமை.

நன்றி அம்மா. அனுபவஸ்தருக்கு இனி பதில் இல்லை.

பெயர் வேண்டாம்: அட்டை தொலைஞ்சுபோச்சு அக்கா.

மாத்திரை வாங்கிய ஆஸ்பத்திரியில் பதிவேடு இருக்கும், நேரில் போய்க் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் எந்த வருடம், எத்தனை மாதம், எங்கே என்று உங்களுக்குத் தெரிந்ததைத் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள்.

சின்னு: ஹெச்ஐவி டெஸ்ட் எடுப்பாங்களா?

மேலே பாருங்கள்.

இனிப்பானவன்: 27 வயசு, சுகர் இருக்கு. மெடிக்கல் அன்னிக்கு மாத்திரை நிறுத்தணுமா?

நிறுத்தவே கூடாது. வழக்கம்போல் சாப்பிட்டுப் போங்கள். சிறுநீரில் சர்க்கரை காட்டினால் மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனை கேட்கலாம். சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால் காட்டுங்கள். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்காகக் குறுகிய கால விசாவை மறுப்பது வழக்கமில்லை. அவர்கள் பார்ப்பது, நீங்கள் தங்கும் காலத்தில் அங்கே உங்களுக்கு ஆகக்கூடிய மருத்துவச் செலவு. அதன் வரம்பு 2024 ஜூலையிலிருந்து 86,000 ஆஸ்திரேலிய டாலர்.

தாயாகப்போகிறவள்: நாலு மாசம். எக்ஸ்ரே?

கிளினிக்கில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு எடுக்கத் தள்ளிப்போடுவதைத்தான் பரிந்துரைப்பார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? 462 விசாவில் குழந்தையை உடன் அழைத்துப் போக முடியாது. மெடிக்கலுக்கு முன் அதை யோசியுங்கள்.

லண்டன் ஆசை: இங்கிலாந்து யங் ப்ரொஃபஷனல்ஸ் விசாவுக்கும் இதே மெடிக்கலா?

இல்லை. அங்கே காசநோய்ச் சான்றிதழ் மட்டும், அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில். ஆறு மாதம் செல்லும். ஆஸ்திரேலியாவுக்கு எடுத்ததைக் காட்டாதீர்கள்.

அவசரம்: ரிப்போர்ட் நம்ம கையில தருவாங்களா? பாஸா ஃபெயிலான்னு சொல்வாங்களா?

கிளினிக் நேராக இமெடிக்கலில் ஏற்றிவிடும். டாக்டர் விசா தருகிறவர் இல்லை, அவரிடம் பாஸா என்று கேட்டு நச்சரிக்காதீர்கள். முடிவெடுப்பது ஆஸ்திரேலிய உள்துறை. இமிஅக்கவுன்ட்டில் நிலை மாறுவதைப் பாருங்கள்.

காத்திருப்பவன்: ஹேப் ஐடி இல்லாம போனா சமாளிக்க முடியாதா அக்கா? ஹெச்ஐவி டெஸ்ட் உண்டா?

முடியாது. மேலே பாருங்கள். இரண்டுக்கும்.

அனுபவஸ்தன்: என் ரூம்மேட்கிட்ட இப்பத்தான் கேட்டேன். அவனுக்கு வந்தது டிபி இல்லையாம், நிமோனியாவாம்.

சரி தம்பி. ஸ்ட்ராபெர்ரி நல்லா பறிக்கச் சொல்லுங்கள்.

மிச்சம்பிடிப்பவன்: எந்தக் கிளினிக்ல கட்டணம் கம்மி?

ஒவ்வொரு கிளினிக்கும் தானே வைப்பது. உள்துறை இணையதளத்தில் அங்கீகரித்த பட்டியல் இருக்கிறது, போன் செய்து கேளுங்கள். அப்படியே நீள முடியோடு யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கொண்டை.