5 சென்டில் எவ்வளவு சாப்பிடலாம்? வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் காலியாகக் கிடக்கிறது. நாங்கள் நாலு பேர். கடைக்கே போகாமல் இதிலேயே சாப்பாட்டை முடிக்க முடியுமா? (திண்டிவனம்)

முதலில் அரிசியை மறந்துவிடுங்கள். ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைந்தாலும் 5 சென்டில் கிடைப்பது 125 கிலோதான். அரைத்தால் 80 கிலோ அரிசி வரும். உங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. பருப்பு, எண்ணெய்க்கும் இதே கதைதான். காய்கறியும் கீரையும் வேறு கணக்கு. ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் என்றால் நாலு பேருக்கு வருடத்துக்குச் சுமார் 440 கிலோ. தண்ணீர் இருந்தால் 5 சென்ட் அதற்குத் தாராளம். வடக்கு ஓரத்தில் முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை வையுங்கள். மரத்து நிழல் பாத்தியில் அதிகம் விழாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயத்துக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஆடியில் எல்லாம் விதைத்தேன். ஒரு மாதம் வெண்டைக்காயைத் தெருவுக்கே கொடுத்தோம். இப்போது சந்தையில் வாங்குகிறோம். (தாராபுரம்)

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் காட்டுக்கு. கிணறோ குழாயோ இருக்கிற வீட்டுத் தோட்டத்தில் எல்லா விதையையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கும், இரண்டு மாதம் ஓடும், அப்புறம் ஓய்ந்துவிடும். அதனால் 15 செடி போதும். ஒரு மாதம் கழித்து இன்னொரு 15. சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், வாரம் ஒரு சின்னப் பாத்தி விதையுங்கள். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கத்தரி ஓய்ந்ததும் பிடுங்கிப் போடாமல், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து எரு வைத்தால் மறுபடி காய்க்கும். வீட்டுத் தோட்டத்தில் பலர் கோட்டை விடுவது உரத்தில் இல்லை, இந்த நாள் கணக்கில்தான்.

சுரைக் கொடி நிறையப் பூக்கிறது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி விழுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (மன்னார்குடி)

மருந்து வேண்டாம். சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். காம்புக்குப் பக்கத்தில் குட்டிச் சுரைக்காய் மாதிரி வீங்கியிருப்பது பெண் பூ. மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். சுரைப் பூ மாலையில்தான் விரியும். அந்த நேரத்தில் தேனீ வருவது குறைவு, அந்துப்பூச்சி வந்தால்தான் உண்டு. ஆகவே பொழுது சாய்ந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கும் இதே வேலைதான், ஆனால் விடியற்காலையில். ஒன்பது மணிக்கு மேல் பூ மூடத் தொடங்கிவிடும். வாட்டமும் காரணமாகலாம். பூக்கும் சமயத்தில் தண்ணீர் காயவிடாதீர்கள்.

பஞ்சகவ்யம் எவ்வளவு கலக்கலாம்? (கோவில்பட்டி)

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த இந்தக் கரைசல், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் காய்க்காது.

மழை வந்தால் முருங்கையில் கம்பளிப்பூச்சி. மரத்தையே வெட்டிவிடச் சொல்கிறார்கள் வீட்டில். (பெரம்பலூர்)

வெட்டத்தான் வேண்டும், ஆனால் அடியோடு அல்ல. செடிமுருங்கை என்றால் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3 அடி விட்டு வெட்டுங்கள், தழைத்து வரும். பூச்சியும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். பகலில் அது அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். அப்போது சோப்புக் கரைசலை நன்றாகப் பீய்ச்சினால் போதும். வெறும் கையால் தொடாதீர்கள்.

விதையை நாமே எடுத்து வைக்கலாமா? (ஆத்தூர்)

நாட்டு ரகம் என்றால் தாராளமாக. கடையில் வாங்கிய ஒட்டு ரக (ஹைப்ரிட்) விதையின் காயிலிருந்து எடுத்தால் தாய்ச்செடி போல வராது. அவரை, தக்காளியில் தொடங்குங்கள், இவை அவ்வளவாகக் கலக்காது. மிளகாயும் பூசணியும் பக்கத்து ரகத்தோடு சுலபமாகக் கலந்துவிடும். தக்காளியைப் பிழிந்து சாறோடு ஒரு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். விதைக்கு விடுகிற காயைக் குழம்புக்குப் பறித்துவிடாமலிருக்க அதில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள்.