நீச்சல் டயப்பர்: எடையைவிடத் தொடையைப் பாருங்கள்

பதினொரு மாதக் குழந்தை, 9 கிலோ, எம் சைஸா எல் சைஸா, சாதா டயப்பரே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சாதா டயப்பர் வேண்டவே வேண்டாம். குளத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு இளநீர்க்காய் மாதிரி கனத்துத் தொங்கும். மதுரை அழகர்கோவில் சாலையில் ஒரு நீச்சல் குளத்தில் என் மகனுக்கு அது பிய்ந்து, ஜெல் உருண்டைகள் மிதந்தன. மானமே போனது.

துவைத்துக் கட்டும் நீச்சல் டயப்பர் சிறுநீரை நிறுத்தாது, மலத்தைத்தான் பிடித்து வைக்கும். அதனால் தண்ணீரில் இறங்கும்போது மாட்டுங்கள். வீட்டிலேயே மாட்டினால் கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் உங்கள் மடி நனைந்துவிடும்.

சைஸுக்கு, தொடையில் ரப்பர் இடைவெளியில்லாமல் படிய வேண்டும், சுண்டுவிரலும் நுழைய வேண்டும். கழற்றியதும் சிவந்த தடம் இருந்தால் எல் வாங்குங்கள். பக்கவாட்டில் பட்டன் வைத்ததுதான் என் ஓட்டு. கால் வழியாக உருவினால் உள்ளே இருப்பது முழங்கால்வரை பூசிக்கொள்ளும், அனுபவம்!

அப்புறம், கிருமியை எந்த டயப்பரும் தடுக்காது. வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று குளம் வேண்டாம். மணிக்கொரு தரம் கரையேற்றிப் பாருங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள், நிழலில் காயப்போடுங்கள். நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடும்.