மிச்சு: டெர்செராவிலிருந்து ஏறி வந்த ஸ்ட்ரைக்கர் (கேள்வி பதில்)

ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் வளர்ந்த கால்பந்து வீரர் மிச்சுவைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, பிரீமியர் லீக்கில் ஆடிய வேல்ஸ் கிளப் ஸ்வான்சியில் ஒரு சீசன் கலக்கினார் என்பது மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் எங்கே இருந்தார்?

எட்டு வருடம் ஸ்பெயினின் முதல் நிலையான லா லிகாவுக்குக் கீழேதான். முழுப் பெயர் மிகேல் பெரெஸ் குவெஸ்தா, 1986இல் ஒவியேதோவில் பிறந்தவர். 2003இல் ஊர் கிளப்பான ரியல் ஒவியேதோ கடனில் மூழ்கிக் கிடந்தது. இரண்டாம் நிலையான செகுண்டாவில் கடைசி இடங்களுக்குப் போய் ஒரு படி இறங்கியது போதாதென்று, வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்ததற்காக இன்னொரு படியும் இறக்கிவிட்டார்கள். நகராட்சியோ வேறொரு சின்ன கிளப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்த ஆட்டக்காரர்கள் கலைந்துபோக, இளையோர் அணிப் பையன்களைக் கொண்டு அணியை நிரப்ப வேண்டிய நிலை. அப்படி உள்ளே வந்தவர்தான் 17 வயது மிச்சு.

ஒவியேதோ இப்படி இறங்கிய டெர்செரா என்பது அப்போது நான்காம் நிலை. எதிரணிகள் எல்லாம் அஸ்தூரியாஸ் மாகாணத்துச் சிற்றூர்களின் அணிகள். சொந்த மைதானமோ 30,000 பேர் உட்காரக்கூடிய கார்லோஸ் தார்தியேரே! ரசிகர்கள் கிளப்பைக் கைவிடவில்லை. 2005இல் மூன்றாம் நிலைக்கு ஏறினார்கள்.

மூன்றாம் நிலையிலிருந்து மேலே வருவது அவ்வளவு கஷ்டமா?

ரொம்பவே. செகுண்டா பே என்று அழைக்கப்பட்ட அந்த நிலையில் அப்போது 80 அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள், மேலே ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் ப்ளே ஆஃப் ஆட்டங்களுக்குப் போகும். மொத்தம் 16 அணிகளில் நான்குதான் மேலே போக முடியும். பிரிவில் முதலிடம் வந்தாலும் உறுதி இல்லை. சீசன் முழுக்க உழைத்தது ஒரு மோசமான மாலையில் போய்விடும். 2021இல் இந்த அமைப்பையே மாற்றிவிட்டார்கள். இப்போது மூன்றாம் நிலையில் 40 அணிகள்தான்.

மிச்சு ஒவியேதோவோடு செகுண்டாவுக்கு ஏறவில்லை. 2007இல் செல்தா டி விகோவுக்குப் போனார். அங்கே முதலில் பி அணி எனும் இரண்டாம் அணி, பிறகு செகுண்டாவில் ஆடிய முதல் அணி. 2011 ப்ளே ஆஃபில் கிரனாடாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் செல்தா தோற்றது. அவர் லா லிகாவைத் தொட்டது அதற்கடுத்த சீசனில், ராயோ வயேகானோ அணிக்காக. அப்போது வயது 25.

சார், அவர் மிட்ஃபீல்டர் இல்லையா? ஏன் ஸ்ட்ரைக்கர் என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. செல்தாவில் நடுக்களத்தில்தான் ஆடினார். ராயோவில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தே லா லிகாவில் 15 கோல் அடித்தார். 2012இல் வெறும் 20 லட்சம் பவுண்டுக்கு அவரை ஸ்வான்சிக்குக் கொண்டுபோனவர் அதன் பயிற்சியாளர் மைக்கேல் லாட்ரப். அங்கே போகப்போக முன்களத்தில் தனியாகவே நிறுத்தினார். பிரீமியர் லீக்கில் 18 கோல். அறிமுக ஆட்டத்திலேயே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டு. 2013 லீக் கப் இறுதியிலும் ஒன்று.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது 2012 டிசம்பர் 1 அன்று ஆர்சனல் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல். இரண்டாவதில், எதிரணித் தடுப்பாளரின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடிப்போய் அடிக்கிறார். ஆட்டம் முடியப்போகும் அந்த நேரத்திலும் பந்தைத் துரத்துகிற பழக்கம் கீழ் டிவிஷன்களில் ஊறியது என்பது என் கருத்து. அங்கே யாரும் உங்கள் காலடிக்குப் பந்தைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்.

ஒவியேதோவைக் காப்பாற்றினார் என்கிறார்களே?

தனி ஆளாக இல்லை. 2012 நவம்பரில் கிளப்பை இழுத்து மூடும் நிலை வந்தது. 10.75 யூரோவுக்கு ஒரு பங்கு என்று விற்றார்கள். உலகெங்கும் இருந்து சாதாரண ரசிகர்கள் வாங்கினார்கள். அங்கே வளர்ந்த சந்தி கசோர்லா, ஹுவான் மாதா, மிச்சு எல்லாரும் வாங்கினார்கள். கடைசியில் மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமின் நிறுவனம் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது.

ஒரு சீசன் அதிசயம்தானே அவர்?

இந்தப் பட்டத்தை நான் ஏற்க மாட்டேன். ராயோவிலும் அடித்தார், ஸ்வான்சியிலும் அடித்தார். தொடர்ந்து இரண்டு சீசன், இரண்டு நாடு. நிறுத்தியது கணுக்கால். 2013 டிசம்பரில் அறுவை சிகிச்சை ஆனது, அதற்குப் பிறகு பழைய மிச்சு திரும்பவில்லை. இத்தாலியின் நாப்போலிக்கு லோனில் (தற்காலிகமாக) போயும் ஒரு கோல்கூட இல்லை. திறமை தீர்ந்துபோவது வேறு, உடம்பு ஒத்துழைக்காதது வேறு.

ஸ்பெயினுக்கு ஆடினாரா?

ஒரே ஆட்டம். 2013 அக்டோபரில் பெலாரஸுக்கு எதிராக.

கடைசியில் என்ன ஆனார்?

ஸ்வான்சியை விட்டு வந்ததும், அண்ணன் பயிற்சியாளராக இருந்த லாங்கிரேயோ அணியில் சேர்ந்தார். மறுபடியும் டெர்செரா! பிரீமியர் லீக்கில் பெயர் வாங்கிய ஒருவர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காமல் ஆடியதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. 2016இல் ஒவியேதோவுக்கே திரும்பி, செகுண்டாவில் ஒரு சீசன் ஆடி, 2017இல் 31 வயதில் ஓய்வு பெற்றார். அப்புறம் புர்கோஸ் கிளப்பில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அந்த அணி 2021இல் மூன்றாம் நிலையிலிருந்து செகுண்டாவுக்கு ஏறியது.