வழி அடைபட்ட இளம் வீரரைக் கைமாற்றலாமா?

கேள்வி: அமெரிக்க பேஸ்போலில், தமது இடத்தில் நட்சத்திர வீரர் ஒருவர் நிலைத்திருப்பதால் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளிலேயே தேங்கி நிற்கும் இளைஞரை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவது சரியா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். 1990 ஆகஸ்டில் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி, மூன்றாம் தளத்தைக் காக்கும் இடத்தில் நட்சத்திர வீரர் வேட் பொக்ஸ் இருந்தமையால் வழி அடைபட்டிருந்த ஜெஃப் பக்வெலை, லாரி அண்டர்சன் என்ற 37 வயதுப் பந்துவீச்சாளருக்காக ஹூஸ்டன் அஸ்ட்ரோஸுக்குக் கொடுத்தது. அண்டர்சன் திறமையாகவே வீசினார், பொஸ்டனும் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆயினும் அவர் அப்பருவத்துடன் விலகிவிட, முதலாம் தளத்துக்கு மாற்றப்பட்ட பக்வெலோ 1994இல் உயர்நிலைப் பேஸ்போலின் இரு லீக்குகளில் ஒன்றான தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவாகி, ஹூஸ்டனுக்காக மொத்தம் 449 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்துப் பெறும் ஓட்டங்கள்) அடித்தார். ஆகவே, முதலில் வேறொரு இடத்தில் ஆடப் பழக்கிப் பார்க்க வேண்டும். அது இயலாவிடின், மதிப்புக் குறையுமுன், பல ஆண்டுகள் ஆடக்கூடிய ஒருவருக்காக மாற்றலாம். சில வார உதவிக்காகக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.