ஜாக்கெட் கை இறுக்குகிறதா?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு வருடம் முன்பு இடது மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். நாலைந்து மாதமாக இடது கை கனக்கிறது, ஜாக்கெட் கை இறுக்குகிறது. காலையில் வற்றிவிடுகிறது, சாயங்காலம் மறுபடி வீங்குகிறது. வீட்டில் கையை அசைக்கவே விடுவதில்லை. நீர் பிரிய மாத்திரை போடலாமா?

பதில்: அந்த மாத்திரை இதற்கு உதவாது. (ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கதை.) உங்கள் கையில் தேங்கியிருப்பது புரதம் கலந்த நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய திரவம். மாத்திரை தண்ணீரை இழுக்கும், புரதம் அங்கேயே கிடக்கும். அது வடியும் வழியில் இருக்கும் அக்குள் நெறிக்கட்டிகளை மார்பு ஆபரேஷனில் மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. வருடங்கள் கழித்தும் வரலாம்.

காலையில் வற்றுகிறது என்றால் இன்னும் ஆரம்பக் கட்டம்தான். இப்போதே பிடித்துவிட வேண்டும், நாளானால் உள்ளே திசு தடித்துப்போகும். முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். ரத்தக்கட்டோ, நோய் திரும்பியதோ காரணமில்லை என்று அவர் உறுதி செய்யட்டும்.

அப்புறம் ஒரு தையல் டேப் எடுங்கள். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 செ.மீ., மேலே 10 செ.மீ. என இரண்டு கையிலும் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் அலட்சியம் வேண்டாம்.

முக்கிய சிகிச்சை கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறை. குத்துமதிப்பாக சைஸ் சொல்லி வாங்காதீர்கள். இந்த வீக்கத்துக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அளவெடுக்கட்டும். வீக்கம் அதிகம் என்றால் முதலில் பேண்டேஜ் சுற்றி வற்றவைத்துவிட்டுத்தான் அளப்பார். காலையில் மாட்டி, படுக்கும்போது கழற்றுங்கள். நம் ஊர் வெயிலில் கசகசக்கத்தான் செய்யும். இரண்டாக வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வேண்டும். மசாஜையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் மசாஜ் அது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் கூடாது.

கையை அசைக்காமல் வைத்திருப்பது பழைய அறிவுரை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதே வீக்கம் உள்ள பெண்கள் வாரம் இரண்டு முறை எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது. ஸ்லீவ் போட்டுக்கொண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்கள். எடுத்த எடுப்பில் நிறைகுடம் வேண்டாம்.

ஊசி, பி.பி. பட்டை எல்லாம் முடிந்தவரை வலது கையில். மறதியாக இடது கையில் பார்த்துவிட்டால் பதற வேண்டாம்.

நான் பயப்படுவது கிருமித் தொற்றுக்குத்தான். மீன் ஆயும்போதும் செடி வெட்டும்போதும் கிளவுஸ் போடுங்கள். கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். கை சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.