கேள்வி – பதில்: பத்துக் கன்று சேர்ந்தால் ஒரு புளியமரம் ஆகுமா?

சாலையோரப் புளியமரங்களை வெட்டுவது பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். இந்த முறை வந்த தபாலில் பாதிக்கு மேல் மரம் பற்றியே. சரி, இந்த இதழை மரத்துக்கே ஒதுக்கிவிடலாம்.

'நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில்' என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்கிறார்களே, வேலூர் வெயிலுக்கு அந்த மரமில்லாத மலைதான் காரணமா?
– வாசகர், சத்துவாச்சாரி

முதலில் அந்தப் பட்டியலையே திருத்த வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடி எல்லோரையும் வேடிக்கை பார்க்க வைத்தது. மலைதான் இன்னும் அப்படியே மொட்டையாக நிற்கிறது.

ஆனால் பழியை முழுக்க மலை மேல் போட முடியாது. கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, பாலாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். பாறை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் திருப்பி விடுகிறது, மே மாதம் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு நடுவில் நாமும் தாரும் கான்கிரீட்டும் போட்டு இன்னும் கொஞ்சம் பாறை சேர்த்துக்கொண்டோம். பெரிய மரம் ஒன்று ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கும், அதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்துக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகிற அதே கணக்குதான். தகர ஷெட்டும் நிழல்தான், வேப்பமரமும் நிழல்தான், ஆனால் எதன் அடியில் ஸ்கூட்டரை நிறுத்துவீர்கள்?

எங்கள் சாலையில் அறுபது வயதுப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். கேட்டால் 'ஒன்றுக்குப் பத்து நடுகிறோம் சார்' என்கிறார்கள். பத்து லாபம்தானே என்று என் தம்பியும் சொல்கிறான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், காட்பாடி

தம்பியிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்கள். அந்தப் புளியமரம் அடிமரத்திலிருந்து நாலு பக்கமும் இருபது அடி படர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் உச்சிவெயிலில் அதன் நிழல் சுமார் 1250 சதுர அடி, அதாவது மூன்று சென்ட் மனை அளவு. நர்சரியிலிருந்து வரும் கன்று ஒன்றரை அடி அகலம் இருந்தால் அதிகம். பத்துக் கன்றையும் நெருக்கி வைத்தால் கிடைக்கிற நிழல் பதினெட்டு சதுர அடி, ஒரு ஆள் படுக்கிற கட்டில். மூன்று சென்ட்டைக் கொடுத்து ஒரு கட்டில் வாங்கியிருக்கிறோம், அதுவும் பத்தும் பிழைத்தால்.

பிழைக்கிறதா என்றால், எங்கள் தெரு முனைக் கதையைச் சொல்கிறேன். அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் பூ கட்டி விற்கிற அம்மா காலையில் மரத்துக்கு மேற்கே உட்காருவார், உச்சி தாண்டியதும் கூடையையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்துவிடுவார். அவர் இடம் மாறினால் சாப்பாட்டு நேரம் என்று எதிர்க்கடையில் சொல்வார்கள். ஒரு கடையின் போர்டு மறைக்கிறது என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த அம்மா கம்பத்தில் குடை கட்டி உட்கார்ந்திருக்கிறார். "மரம் இருந்தப்போ ஒரு தரம் தண்ணி தெளிச்சா மல்லி சாயங்காலம் வரைக்கும் நிக்கும் சார், இப்போ நாலு தரம் சாக்கை நனைக்கணும்" என்றார். பதிலுக்கு வைத்த கன்றுகளுக்கு இரும்புக் கூண்டு எல்லாம் நன்றாகத்தான் போட்டார்கள். கூண்டு இன்னும் இருக்கிறது. உள்ளே வாட்டர் பாக்கெட் கவர்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தம்பிக்குச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் 454 மரங்களை வெட்டிய வழக்கில், மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பசுமை திரும்ப வரக் குறைந்தது நூறு வருஷம் ஆகும் என்றும் சொன்னது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் போகிறது. ஆனால் சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போட முடியுமா, மரத்தை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் சாலை போக முடியுமா என்று ரம்பம் வருவதற்கு முன்னால் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கன்றும் நடட்டும், யார் வேண்டாம் என்றது, அதை ஈடு என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஐயா, எங்கள் வீட்டு வேப்பமர வேரால் காம்பவுண்டு சுவர் விரிந்துவிட்டது. வீட்டுக்காரர் வெட்டலாம் என்கிறார், மாமியார் கூடவே கூடாது என்கிறார். நான் யார் பக்கம்?
– வாசகி, குடியாத்தம்

மாமியார் பக்கம் போங்கம்மா, இந்த ஒரு தடவையாவது. வேர் போகிற இடத்தில் மட்டும் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே பீம் போட்டுச் சுவரை எழுப்பச் சொல்லுங்கள், கொத்தனாருக்குத் தெரிந்த வேலைதான். கூலி, சிமெண்ட் எல்லாம் சேர்த்தாலும் நாளைக்கு வாங்கப்போகிற ஏசியை விடக் குறைவு. சுவருக்காகப் பெரிய வேரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அந்தப் பக்கம் பிடிப்பு போய், அடுத்த புயல் காற்றில் மரம் மறுபக்கம் சாயும், மறுபக்கம் உங்கள் வீடுதானே. அப்புறம், மரத்தடியை முழுக்க சிமெண்ட் பூசியிருந்தால் முதலில் அதைப் பெயர்த்து எடுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது மண் தெரிய வேண்டும் என்று டெல்லி மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. குடியாத்தம் வேருக்கும் அதே மூச்சுதான்.

அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடுமாமே?
– பிளஸ் டூ மாணவி, வாணியம்பாடி

வாட்ஸ்அப்பில் விடும். வெளிச்சம் இல்லாமல் எந்த மரத்துக்கும் ஆக்சிஜன் விட வழியில்லை. ராத்திரியில் அதுவும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடும். அதற்காக அரசமரம் லேசுப்பட்டது இல்லை. அதன் பழத்தை நம்பி எத்தனை பறவை இருக்கிறது என்று ஒரு காலையில் போய் அண்ணாந்து பார். குடை எடுத்துக்கொண்டு போ.

வேலிகாத்தானை வெட்டினாலும் பாவமா?
– விவசாயி, ஆற்காடு

இல்லை. சீமைக்கருவேலம் என்கிறார்களே, அதுதான் வேலிகாத்தான், அது வெளியூர்க்காரன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து விட்டது, ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொண்டு வேறு எதையும் வளர விடாது. நீதிமன்றமே 2017-ல் அகற்றச் சொன்னதுதான். ஆனால் மேலே மட்டும் வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கின இடத்தைச் சும்மா விட்டாலும் மறுபடி அவனே வந்து உட்கார்ந்துகொள்வான்.

தாத்தா காலத்துப் பனை பத்து இருக்கிறது. சூளைக்காரர் நல்ல விலை சொல்கிறார்.
– வாசகர், பனமடங்கி

ஊர்ப் பேரிலேயே பனையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது, நம் மாநில மரம் அது. சூளையில் பத்துப் பனையும் சில நாளில் சாம்பல். நீங்கள் இன்றைக்கு விதை போட்டால் நுங்கு வெட்டப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். விரிஞ்சிபுரம் கோயிலுக்குத் தலமரமே பனைதான், போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து விலை பேசுங்கள்.

நட வேண்டும் என்று ஆசை. எதை, எப்போது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அணைக்கட்டு

புங்கன், நாவல், வேம்பு, இடம் இருந்தால் இலுப்பை. மயில்கொன்றை பார்க்க அழகு, காற்றுக்கு முதலில் முறிவதும் அதுதான். வடகிழக்கு மழைக்கு ஒரு மாதம் முன்பே இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஆறப் போடுங்கள், மழை தொடங்கியதும் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் நட வேண்டாம், ஒன்று நட்டாலும் போதும். ஆட்டை மறக்காதீர்கள். போன வருஷம் நான் வைத்த நாவலைப் பக்கத்து வீட்டு ஆடு முழுக்கத் தின்றுவிட்டது, இந்த வருஷம் முள் கட்டியிருக்கிறேன். வேலிகாத்தான் முள்தான்.